ஆடி மாதத்தைச் சங்கத்துக்குக் கொடுங்கள்

செட்டிநாட்டு வட்டாரக் கட்டடப் பொறியாளர் சங்கக் கிளையின் புதிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பொறுப்பேற்ற கையோடு ஆண்டு நிகழ்ச்சித் திட்டத்துக்கு யோசனை கேட்டு உறுப்பினர் குழுவில் செய்தி போட்டிருந்தீர்கள். வந்த பதில்களில் பாதி சுற்றுலா எங்கே என்பதைப் பற்றி, மீதி சாப்பாடு எங்கே என்பதைப் பற்றி. காரைக்குடியில் இருந்துகொண்டு சாப்பாட்டை அற்பமாகப் பேசும் துணிவு எனக்கும் கிடையாது. ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு: நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கக் கற்கும் ஓர் ஆண்டு. அது செயற்குழு மட்டும் கூடித் தீர்மானம் போட்டால் நடந்துவிடக்கூடியதாக இல்லை. எல்லா உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நம் ஆண்டுத் திட்டம் இதுவரை எப்படி உருவானது என்று எல்லாருக்கும் தெரியும். அரங்க வாடகையையும் இரவு விருந்தையும் ஏற்க ஒரு நிறுவனம் முன்வரும். அந்த நிறுவனம் விற்கும் பொருளே அந்த மாதத்துத் தலைப்பு. ஒரு மாதம் நீர்க்கசிவுத் தடுப்பு ரசாயனம், அடுத்த மாதம் டைல்ஸ் ஒட்டும் பசை, அதற்கடுத்து வெளிச்சுவர் பெயிண்ட். பேசுகிறவரும் பாவம், தன் வேலையைத்தான் செய்கிறார். நாமும் பை, பேனா, நாட்குறிப்பு வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். நாம் எதைப் படிக்க வேண்டும் என்பதை விற்கிறவர் முடிவு செய்யும் சங்கமாக இருப்பதில் எனக்கு வருத்தம்தான்.

நம்மிடம் வரும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி இந்தக் கூட்டங்கள் எதிலும் எழுந்ததில்லை. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ கோனாபட்டிலோ நூறாண்டு தாண்டிய வீடு. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஒரு மூலை ஒழுகுகிறது, சுவரில் பூச்சு உதிர்கிறது. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும்போது நம்மில் ஒருவரைக் கூப்பிட்டு, ‘இடிக்கலாமா, பழுது பார்க்கலாமா?’ என்று கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் இடிக்கச் சொல்கிறோம், அல்லது சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்கிறோம். கல்லூரியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது கான்கிரீட். சுண்ணாம்பு என்பது ஒரு பாடத்தின் முதல் இரண்டு பக்கம்.

சிமெண்ட் வைத்துப் பூசினால் என்ன ஆகிறது என்பதை நாமே பார்க்கிறோம். சுண்ணாம்புக் காரையில் எழுந்த செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி மெல்ல வெளியே விடும். மேலே இறுக்கமான சிமெண்ட் பூச்சு ஏறியதும் ஈரம் போக வழியில்லை. தரையிலிருந்து ஏறும் உப்பு உள்ளேயே படிந்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு, செங்கல்லையும் அரித்துப் பொடியாக்குகிறது. சில மழைக்காலத்துக்குப் பிறகு சுவர் முன்பைவிட மோசமாகிறது. வீட்டுக்காரர் பழைய சுவரைக் குறை சொல்கிறார், நாமும் தலையாட்டுகிறோம். அதற்கப்புறம் நடப்பது தெரிந்ததுதான். பர்மா தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய்விடும். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிக் கிடக்கும் இந்த வீடுகளைக் கருதித்தான் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியலில் ஏறியதற்கு நம் சங்கம் செய்தது ஒரு வாழ்த்துப் பதாகை.

ஆகவே இந்த ஓராண்டை, பெரும்பகுதியாவது, பழைய வீட்டைப் பழுது பார்க்கக் கற்பதற்கு ஒதுக்குங்கள்.

அதற்கு ஆடியைவிட நல்ல மாதம் நமக்கு இல்லை. ஆடியில் யாரும் வாசக்கால் வைப்பதில்லை, புதுமனை புகுவதில்லை. நமக்கும் வேலை குறைவு, கொத்தனாருக்கும் வேலை குறைவு. தை பிறந்துவிட்டால் நம்மில் யாரையும் கையில் பிடிக்க முடியாது. ஆனால் பயிற்சி வகுப்புகளைத் தையிலும் வைகாசியிலும் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நம் வழக்கம். ஆங்கில நாட்காட்டியைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட்டுவிட்டு முகூர்த்த நாட்காட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆடிப் பயிற்சியை ஓட்டலில் வைக்க வேண்டாம். உரிமையாளர் சம்மதிக்கும் ஏதேனும் ஒரு வீட்டில், நிஜமாகவே உதிரும் ஒரு சுவரில் நடக்கட்டும். சுண்ணாம்பை நீற்றி ஊற வைப்பது, மணலும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் சேர்க்கும் அளவு, கடுக்காய் ஊறல் நீரும் கருப்பட்டியும் எதற்காகச் சேர்கின்றன, முட்டை வெண்கரு சேர்ந்த மேல்பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வரவைப்பது, இவற்றையெல்லாம் கையால் செய்து பார்க்க வேண்டும். ஆடிக் காற்று பூச்சைச் சீக்கிரம் உலர்த்திவிடும் என்று மூத்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். சரியான ஆட்சேபம். ஈரச் சாக்கு கட்டித்தான் வேலை செய்ய வேண்டும், அதுவும் பாடம்தான். சுவர் முடிந்தபின் மாடிக்கு ஏறலாம். கட்டைக்குத்து மாடியை, தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை இட்டு, மேலே தட்டையான ஓடு பதித்த அந்த அமைப்பை, ஒழுகும் இடத்தில் மட்டும் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். வயதானவர்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் செயற்குழுவின் முதல் வேலை.

இங்கே பணப் பேச்சு வருகிறது. கற்றுக்கொடுக்க வரும் கொத்தனாருக்கு முழு மதிப்பூதியம், கற்க வரும் இளம் கொத்தனாருக்கு அன்றைய கூலி, இரண்டையும் சங்கம் தர வேண்டும். கூலியை இழந்து எவரும் பயிற்சிக்கு வரமாட்டார்கள், வரச் சொல்வது நியாயமுமில்லை. பொறியாளர் மட்டும் கற்றுக்கொண்டு என்ன பயன்? கரணை பிடிப்பது கொத்தனார்கள் அல்லவா? பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். பதவியேற்பு விழாவின் பொன்னாடை, நினைவுப் பரிசு, பதாகைச் செலவை எடுத்துப் பாருங்கள். நிறுவனங்களின் நன்கொடையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைப்பை நாம் வைத்துவிட்டு அப்புறம் நன்கொடை கேட்போம்.

செப்டம்பர் 15, விசுவேசுவரய்யா பிறந்த நாள், பொறியாளர் தினம். அன்று மாலை அணிவிப்பதும் படம் எடுப்பதும் இருக்கட்டும். அதே மாதம் 26-ஆம் தேதி, மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதன் ஆய்வகங்களில் ஒன்றான சிக்ரி நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோக அரிப்பு அவர்கள் ஆண்டாண்டாக ஆராயும் துறை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து ஸ்லாப் பெயர்ந்து விழுவது நாம் தினமும் காணும் நோய். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த வாசலைத் தாண்டி முறையாக ஒரு குழுவாக நாம் போனதில்லை. அனுமதி கேட்டு இப்போதே கடிதம் எழுதுங்கள். பொறியாளர் தினத்தைப் பதினொரு நாள் தள்ளி அங்கே கொண்டாடினால் விசுவேசுவரய்யா கோபித்துக்கொள்ளமாட்டார்.

சுற்றுலாவையும் இதோடு சேர்த்துவிடலாம். கொடைக்கானல் வேண்டாம், பாம்பன் போவோம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் கட்டப்பட்டிருக்கிறது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும், அதை எப்படித் தடுக்கப் பார்த்தார்கள் என்பதை அங்கே நின்று பேசுவதற்கு இணையான வகுப்பு கிடையாது. சிக்ரியின் அரிப்பு ஆய்வுக் களமும் மண்டபத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ராமேசுவரம் இருக்கிறது, யாரும் குறைப்பட மாட்டார்கள்.

புரட்டாசியில், மழைக்கு முன், மாடி நீர்ப்போக்குகளைப் பார்க்கும் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கூட்டமே வேண்டாம். மழை பெய்யும்போது நாலைந்து பேராகச் சேர்ந்து பழைய வீடுகளுக்குள் நடந்து, தண்ணீர் எங்கே விழுகிறது, வளவு முற்றத்திலிருந்து எந்த வழியாக வெளியேறுகிறது, தெருவில் எப்படி ஊருணிக்குப் போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்து வந்தால் போதும். வரைபடத்தில் தெரியாதது மழையில் தெரியும். மார்கழியில் தொழிலாளர் நல வாரியப் பதிவு முகாம் ஒன்று. நம் தளங்களில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

தை, மாசியில் வெளியூர்ப் பங்காளிகள் ஊருக்கு வருவார்கள். ஆடியில் கற்றதை வைத்து அப்போது ஒரு இலவச ஆலோசனை முகாம் போடலாம். இடிக்க வேண்டிய வீட்டை இடிக்கத்தான் சொல்ல வேண்டும், அதில் உணர்ச்சிவசப்பட வேண்டியதில்லை. எதைக் காப்பாற்றலாம், எவ்வளவு செலவாகும், எந்தப் பகுதியை முதலில் தொட வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பங்காளிகள் பேச ஒரு தாளாவது இருக்கும்.

பங்குனி வெயில் ஏறும்போது புதுக் கட்டடங்களின் பக்கம் திரும்புவோம். இந்த வெயிலில் கான்கிரீட்டை மூன்று நாள் நனைத்துவிட்டு விடுகிறார்கள். உலர்ந்த, வெப்பமான இடங்களில் 10 நாளுக்குக் குறையக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமலேயே கலக்கிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் அழகப்பா பொறியியல் கல்லூரி ஆய்வகத்தோடு பேசி உறுப்பினர்களின் தண்ணீர் மாதிரிகளை மொத்தமாகச் சோதித்துவிட்டால் ஒரே கூட்டத்தில் முடிந்துவிடும். 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடிக் கட்டடம் வரை, வீட்டுக்காரரே சான்று தந்து அனுமதி பெற 2024 ஜூலையில் வந்த தமிழ்நாடு அரசின் சுயசான்று அனுமதித் திட்டத்தைப் பற்றி ஓர் அரைமணி நேர விளக்கமும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாம். இதற்கென்று தனி மாநாடு தேவையில்லை.

கூட்ட நேரத்தைப் பற்றியும் ஒன்று. இரவு எட்டு மணிக்கு ஓட்டலில் கூட்டம் என்றால் நம் பெண் உறுப்பினர்கள் வருவதில்லை. வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவர்களைச் செயற்குழுவுக்குக் கேட்பதுமில்லை. ஞாயிறு பிற்பகல், வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள்.

இதில் எதுவும் ஒத்துவராது என்று செயற்குழு கருதினால் ஆடிப் பயிற்சி ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடலாம். சுண்ணாம்பை இப்போதே நீற்றி ஊறப் போட்டால்தான் ஆடிக்குக் கைக்கு வரும். தேவகோட்டையில் என் சாமான் கிடங்கில் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது, தண்ணீர் வசதியும் உண்டு. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து ஒப்புதல் கிடைத்தால், கிடங்கின் சாவியைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கிளை உறுப்பினர் ஒருவர்,
தேவகோட்டை