டிரைவர் இல்லாத காரில் போய்வந்த நண்பனுக்கு

கோரிமேடு, சேலம்
பிப்ரவரி 16

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் வீட்டில் நீயும் தங்கச்சியும் சௌக்கியமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் குறையவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பழைய காரைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். காலையில் நான்கு பேர், மாலையில் மூன்று பேர் வருகிறார்கள். அது போதும்.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில், டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வேமோ காரின் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை எழுதியிருந்தாய். நான்கு வருஷத்துக்குப் பிறகு யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில் கிளம்பினாய் என்ற வரியில் நின்றுவிட்டேன். கிளாக்கோமா என்ற கண்நோய் என்று டாக்டர் சொன்ன அன்று நீ வண்டிச் சாவியை மகனிடம் கொடுத்தபோது நானும் பக்கத்தில்தானே இருந்தேன். அதற்காகவே இந்த வண்டி நல்லபடியாக வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்ம ஏற்காட்டு மலைக்கு இது எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். முப்பத்தோரு வருஷம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அக்கா மகள் கவிதா இங்கே சேலத்திலேயே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் குறிக்கும் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுத் தெருக்களில் எடுத்த படங்களில் இது கார், இது சைக்கிள், இது நடந்து போகும் ஆள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போடவேண்டும். அதைப் பார்த்துத்தான் வண்டிகள் அடையாளம் கற்றுக்கொள்கின்றனவாம். நீ ஏறிய வண்டி கற்ற பாடத்தில் எங்கேயோ நம்ம ஊர்ப் பெண்களின் கண்ணும் சேர்ந்திருக்கலாம். அவளிடம் கேட்டும், அவள் கொடுத்ததைப் படித்தும்தான் எனக்கு இதில் ஆசை வந்தது.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே 1979-இல் ரோபாட்டிக்ஸ் நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி, நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர். அந்த நிலையத்தில் 1989 வாக்கில் ஆல்வின் என்று வண்டி ஓட்டும் ஒரு கம்ப்யூட்டர் நிரல் செய்தார்கள். ஒரு ஆள் வேனை ஓட்டுவார். அது கேமராவில் சாலையைப் பார்த்து, அவர் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதில் ஒரு சிக்கல் வந்தது. நன்றாக ஓட்டுகிறவர் வண்டியை எப்போதும் நடுவிலேயே வைத்திருப்பார். அதை மட்டும் பார்த்துக் கற்ற நிரலுக்கு, வண்டி கொஞ்சம் ஓரமாக இழுத்துவிட்டால் எப்படித் திரும்ப வருவது என்று தெரியவில்லை. அப்புறம் அந்தப் படங்களையே கொஞ்சம் இடமும் வலமும் நகர்த்தி, வண்டி விலகிப் போனது போலக் காட்டி, திருத்தக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் மாணிக்கம். நாம் எஸ்டேட் ஜீப்பில் பழகியபோது மேஸ்திரி என்ன செய்வார்? வண்டி ஓரம் இழுக்கும், அவர் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டார், நாமே கொண்டுவரும்வரை காத்திருப்பார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவன் விலகட்டும், அவனே திருத்தட்டும், என் கால் என் பக்கத்துப் பிரேக்கில் இருக்கும். 1995-இல் அதே பல்கலைக்கழகத்து வண்டி பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியாகோவுக்கு ஏறக்குறைய 4,500 கி.மீ. போனபோதும் இதே ஏற்பாடுதான். நூற்றுக்கு 98 பங்கு தூரம் ஸ்டியரிங்கை இயந்திரமே பிடித்தது, பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மனிதர்கள் காலில்.

பிறகு நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். 2004-இல் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் போட்டி வைத்தபோது எந்த வண்டியும் 12 கி.மீ.க்கு மேல் போகவில்லை. அடுத்த வருஷமே ஐந்து வண்டிகள் 212 கி.மீ. ஓடி முடித்தன, ஸ்டான்ஃபோர்டின் வண்டி முதலில் வந்தது. 2009-இல் கூகுள் தொடங்கிய வேலைதான் இன்று உன்னை ஏற்றிப்போன வேமோ.

ஆனால் நீ இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, டெம்பேயில், 2018 மார்ச்சில் ஊபர் சோதித்த கார் ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே வண்டி அவரைக் கண்டுவிட்டது. வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அது வரை அவர் நகர்ந்து வந்த பாதையை விட்டுவிட்டது. அதனால் அவர் எங்கே போகிறார் என்று அதற்குப் பிடிபடவில்லை. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே பனிமூட்டத்தில் எத்தனை முறை கருப்பாக ஒன்று தெரிந்திருக்கிறது! காட்டெருமையா, லைட் போடாமல் நிற்கும் ஜீப்பா, மரக்கிளையா என்று தெரியாது. நாம் என்ன செய்தோம்? முதலில் பிரேக்கில் கால் வைத்தோம், என்னவென்று அப்புறம் பார்த்தோம். பெயர் தெரிந்த பிறகுதான் நிற்கவேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் மாணவர்களுக்கு நான் முதல் வாரமே சொல்வது இது. இயந்திரத்துக்கும் முதல் பாடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பனிமூட்டத்தில் அதன் கண்ணும் தடுமாறும் என்று கவிதா சொன்னாள். வண்டியின் கூரையில் சுழல்கிறது என்று எழுதினாயே, அது லைடார். லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். பனித்துளிகள் அந்த ஒளியைச் சிதறடித்துவிடும். ரேடார் பனியைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் உருவம் தெளிவாகத் தெரியாது. அப்புறம் வேமோ மாதிரி வண்டிகள் முன்கூட்டியே எடுத்த நுணுக்கமான வரைபடத்தை வைத்து ஓடுகின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம மலைப்பாதையில் மண் சரிந்ததே, அன்று எந்த வரைபடம் உதவியிருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. வளைவில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது விதி. ஆனால் லோடு லாரி வந்தால் ஏறுகிறவனே ஒதுங்குவான், கையைக் காட்டுவான், லைட்டை ஒரு தடவை அடிப்பான். முகம் பார்த்துப் பேசி முடிக்கும் இந்தச் சங்கதியை எந்தக் கட்டத்துக்குள் போட்டுக் குறிப்பது? நம்ம நாட்டிலும் முயற்சி நடக்கிறது. ஹைதராபாத்தின் ஐ.ஐ.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2018-இல் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்களை 34 வகையாகக் குறித்து வெளியிட்டது. அதில் ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குக்குத் தனி வகை, தார் ரோட்டை ஒட்டி வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் தரைக்கும் தனி வகை உண்டு. நம் சாலையை உள்ளபடி பார்த்திருக்கிறார்கள்.

மந்திரி நிதின் கட்கரி 2023-இல், டிரைவர்களின் வேலை போய்விடும், அதனால் இந்தக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்றார். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரியை நம்பி இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். என்னிடம் படித்து லாரிக்குப் போன பையன்களே எத்தனையோ பேர். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். தொப்பூர் இறக்கத்தில் விடியற்காலை நசுங்கிக் கிடந்த லாரியைப் பார்த்துவிட்டு வந்தவனால், எதுவுமே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. டிரைவரை இறக்கிவிடும் வண்டி இருக்கட்டும். டிரைவர் கண் அசந்தால் தானே பிரேக் போடும் கருவியை முதலில் எல்லா லாரிக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்கவேண்டும். நாலு வழிச்சாலையில் அது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. மலைப்பாதை கடைசியாக வரட்டும். நம் காலத்தில் வருமா என்றால், இருபது வளைவும் ஆள் இல்லாமல் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் நீ வரும்போது மழை பெய்திருந்தால் காப்பி பூத்திருக்கும். நான் ஓட்டுகிறேன், நீ முன்சீட்டில் உட்கார். நாகலூர் வரை போய்விட்டுக் குப்பனூர் வழியாக இறங்கலாம்.

அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். பக்கப் பார்வைதான் போனது, நேரே பார்ப்பது இன்னும் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. அடுத்த முறை அந்த வண்டியில் போகும்போது, ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று ஓரத்தில் தயங்கி நிற்கும் ஆளைக் கண்டால் எவ்வளவு தூரத்திலிருந்து வேகத்தைக் குறைக்கிறது என்று கவனித்து எழுது. முடிந்தால் இரவிலும் ஒரு முறை பார்.

அன்புடன்,
ராமலிங்கம்