பின்பக்கத்தையும் அனுப்பு

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய 12 காசுகளின் படங்கள் கிடைத்தன. "எல்லாம் ராஜராஜன்தானே?" என்று கேட்டிருக்கிறாய். 5 காசுகளுக்கு ஆமாம். 3 நிச்சயமாக இல்லை. மீதி 4-க்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் காசின் மேல் குறை இல்லை, படத்தில்தான் குறை. அந்த 4-க்கும் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறாய்.

காசின் முன்பக்கத்தில் நின்றிருக்கும் அந்த ஆள் இருக்கிறானே, அவனை நம்பக் கூடாது. சோழப் படை 993 வாக்கில் ஈழத்துக்குப் போவதற்கு முன்பே 'ஸ்ரீ லங்கா விபு' என்று எழுதிய பொற்காசுகளில் அவன் நிற்கிறான். ராஜராஜன் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு தன் பெயரைப் போட்டான் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. 1070-இல் சோழர் பொலன்னறுவையை விட்டுப் போன பிறகும் அவன் போகவில்லை. பிறகு இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு (1153–1186), நிசங்கமல்லன் (1187–1196), சுமார் ஓராண்டே ஆண்ட சோடகங்கன், மூன்று தடவை அரியணை ஏறிய லீலாவதி, சாகசமல்லன் (1200–1202), முதலாம் புவனேகபாகு (1272–1284) என்று எல்லார் செம்புக்காசிலும் அவனே நிற்கிறான். யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் 'சேது' என்று பொறித்த சேதுக் காசில்கூட முன்பக்கத்தில் அவன்தான். சுமார் 300 ஆண்டுக்கும் மேல் வேலை பார்த்த ஆள். அவன் முகத்தைப் பார்த்து அரசனைச் சொல்வது, சீருடையைப் பார்த்துப் பெயர் சொல்வது போலத்தான்.

அரசன் பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், அதன் உயர்த்திய கைக்குக் கீழே வலப்பக்கத்தில் அடுக்கடுக்காக நாகரி எழுத்து. சேதுக் காசு என்றால் படுத்திருக்கும் காளையும் அதன் கீழே தமிழ் எழுத்தும். தமிழ்தானே என்று அவசரப்படாதே. நெடில் ஏகாரத்துக்குத் தனிக் குறி அந்தக் காலத்தில் கிடையாது, அதனால் காசில் 'செது' என்றுதான் தெரியும். ஒற்றைக்கொம்பு ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் 'சது' என்று மட்டும் நிற்கும். அதை வேறொரு பெயராகப் படித்துப் புது அரசனைக் கண்டுபிடித்துவிடாதே.

நாகரியில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். முதலாவது, லீலாவதியின் காசில் இருப்பது 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. அடிக்கும் அச்சு, காசாகும் உலோக வில்லையின் நடுவில் விழாமல் கீழ்வரி வெளியே போய்விட்டால் மிஞ்சுவது 'ஸ்ரீ ராஜ'. விற்கிறவர் கண்ணுக்கு அது உடனே ராஜராஜன் ஆகிவிடும். மேலே 'ரா', 'ஜ' தெரிந்தால் போதாது, இரண்டாம் முறை 'ரா' வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் வளைந்த சுழியோடு 'லீ' தெரிந்தால் காசு அரசியுடையது. உன் 7-ஆம் காசின் பின்பக்கம் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இரண்டாவது வழுக்கல், கடைசியில் வரும் 'பாஹு'. விஜயபாகு, பராக்கிரமபாகு, புவனேகபாகு மூவருக்கும் பொது அது. அது மட்டும் தெரியும் காசுக்குப் பெயர் வைக்கக் கூடாது. பெயர் முழுதாகத் தெரிந்தாலும் அதே பெயரில் பல அரசர்கள் இருந்ததை மறக்காதே.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வதுபோல, கண்ணால் பார்த்த எழுத்தை அப்படியே எழுது, ஊகித்ததைப் பகர அடைப்புக்குள் போடு. 'ஸ்ரீ ராஜ[ராஜ]' என்று நீ எழுதினால் எனக்கு நிலைமை புரியும். 'ராஜராஜன்' என்று எழுதினால் நீ பார்த்தது எவ்வளவு, நம்பியது எவ்வளவு என்று தெரியாது. நம் ஆட்களிடையே நடக்கிற சண்டைகளில் பாதி இந்த அடைப்புக்குறி இல்லாததால்தான்.

இனி படம். கைபேசியை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோய் எடுக்காதே. விளிம்பு வளையும், கைபேசியின் நிழலும் காசின் மேல் விழும். 25 அல்லது 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, தூர லென்ஸில் 2 மடங்கு அல்லது 3 மடங்கில் எடு. வெள்ளைத் துணியின் மேல் செம்புக்காசு கருப்பாகத்தான் விழும், சாம்பல் நிற அட்டை நல்லது. ஒரே ஒரு விளக்கு போதும். கடிகார முகப்பாக நினைத்தால் 10 மணித் திசையில், தாழ்வாக. கீழேயிருந்து வெளிச்சம் வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும், ஏனென்றால் வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் பழகியிருக்கிறது. பிறகு விளக்கை 2 மணித் திசைக்கு மாற்றி இன்னொரு படம் எடு. வெளிச்சத்தின் போக்கிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது, ஆகவே அது படத்தில் மறைந்துவிடும். 'ரா'வின் காலைக் காணோம் என்று நாம் குழம்பியதெல்லாம் இப்படித்தான். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பு. வாட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும், எழுத்தின் ஓரம் கரைந்துபோகும்.

எடைக்கு வருகிறேன். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்து. காற்றிலேயே இரண்டாம் தசமம் ஆடும். மூன்று முறை வைத்து எடு, ஒவ்வொரு முறையும் பூச்சியம் பார். இந்த வகை முழுக்காசு சுமார் 4 கிராம். 3.9 இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. 2.6 இருந்தால் அது தேய்ந்ததா, விளிம்பு உடைந்ததா, வேறு மதிப்புள்ள காசா என்று கேட்க வேண்டும். அரைக்காசும் காலும் உண்டு, சின்னதாய் இருக்கிறதே என்று போலி என்று ஒதுக்காதே. விட்டத்தை இரண்டு திசையில் அளந்து இரண்டையும் எழுது, வட்டமான காசு இந்தக் கூட்டத்தில் அபூர்வம்.

எல்லாரும் விட்டுவிடுவது அச்சுத் திசை. நின்றிருக்கும் ஆளை நேராகப் பிடித்து, காசை இடமிருந்து வலமாகத் திருப்பு. பின்பக்க உருவத்தின் தலை எந்த மணியைக் காட்டுகிறதோ அதுதான் எண். 12, 3, 7 என்று எது வேண்டுமானாலும் வரலாம், ஏனென்றால் மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். இது போலியைப் பிடிக்கவும் உதவும். ஒரு நல்ல காசை அச்செடுத்து வார்த்த போலிகள் எல்லாவற்றுக்கும் அச்சுத் திசை ஒன்றாகவே இருக்கும். அதோடு ஒரே இடத்தில் ஒரே பொத்தல் இரண்டு காசில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அச்சில் ஏற்பட்ட கீறல் பல காசில் வருவது இயற்கை, அது காசில் மேடாகத் தெரியும். அரிப்பால் வந்த குழி ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி, இரண்டில் ஒன்றுபோல் வரவே வராது.

தங்க முலாமா தங்கமா என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் முறை. தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கு. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் முழுக்க அமிழ்த்து. காட்டும் எண், காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகு. 4.00 கிராம் செம்புக்கு 0.45 அளவில் வரும், விடை 8.9. சுத்தத் தங்கத்துக்கு 0.21, விடை 19 பக்கம். ஆனால் இந்தத் தராசில் 0.01 தவறினால் செம்பின் விடை 8.7-க்கும் 9.1-க்கும் நடுவில் எங்கேயும் நிற்கும். ஆகவே செம்பா வெண்கலமா என்று இதில் தீர்ப்புச் சொல்லாதே, தங்கம் எத்தனை மாற்று என்றும் சொல்லாதே. பூச்சா, உள்ளும் தங்கமா என்பதற்கு மட்டும் போதும். காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கு கெடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக்கொள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். குத்துவிளக்குக்குத் தேய், காசுக்கு வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பச்சை மேற்படலத்தை முதலில் கரைக்கும், எழுத்தின் மெல்லிய கோடுகள் பல நேரம் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றி, மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் தள்ளு. ஆனால் உன் 3-ஆம் காசைத் தனியாக எடுத்துவை. ஓரத்தில் வெளிர்பச்சைப் பொடி தெரிகிறது. குச்சியால் தொட்டால் உதிர்கிறதா என்று பார். கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. மாவாக உதிர்ந்தால் அது உப்பு நோய். செம்புக்குள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்று, மறுபடி குளோரைடு ஆகிறது. கடற்கரைப் பக்கத்துக் காசுகளில் அதிகம். அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போடு, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவை. வாசனை வீசும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்தப் பிவிசி நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும்.

நாம் சேர்ந்து போடப்போகும் காசுகளின் பொதுப்பட்டியல் விஷயத்தில் நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு மாறுதலோடு. அபூர்வக் காசுகளை மட்டும் ஏற்றலாம் என்கிறாய். எனக்குத் தேவை சாதாரண ராஜராஜன் செம்புக்காசுகள்தான். ஒரே அச்சில் அடித்த இரண்டைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எத்தனை அச்சு ஓடியது, எந்த முன்அச்சு எந்தப் பின்அச்சோடு இணைந்தது என்று தெரியும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 60 காசில் 45 முன்அச்சு கிடைத்து, அதில் 35 அச்சுக்கு ஒரே ஒரு காசுதான் இருக்கிறது என்று வை. 1-லிருந்து 35/60-ஐக் கழித்தால் 0.42. அதாவது, அடுத்து உன் கைக்கு வரும் காசு நாம் ஏற்கெனவே பார்த்த அச்சில் அடித்ததாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 42 மட்டுமே. பாதிக்கு மேல் இன்னும் நம் கண்ணில் படவில்லை. 'இந்த அச்சு அபூர்வம்' என்று அந்த நிலையில் சொல்வது வெறும் பேச்சு.

பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண், காசு கைமாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. பழைய வாசிப்பை அழிக்காமல் புதிய வாசிப்பைப் பக்கத்தில் தேதியோடு எழுது. பார்த்தும் தெரியாததற்கு 'தெ' என்று போடு, பார்க்காததை வெற்றாக விடு. இரண்டையும் வெற்றாக விட்டால் ஆறு மாதம் கழித்து இருவருக்கும் புரியாது.

கிடைத்த இடம் பற்றி. "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பது இடமல்ல, வியாபாரி சொன்ன வாக்கு. வியாபாரி சொன்னது என்றே எழுது. ஆற்று மணலிலா, வயலிலா, குடத்தில் குவியலாகவா என்பது ஊர்ப் பெயர் அளவுக்கு முக்கியம். குவியலாகக் கிடைத்த காசுகளைப் பிரித்துவிட்டால் அவை எல்லாம் ஒரே காலத்தில் புழங்கியவை என்ற சாட்சியம் போச்சு. நம் ஊரில் புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்பதுதான் அதில் வைத்த அளவு. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசை நாட்டுக்கு வெளியே நாம் அனுப்ப முடியாது. இலங்கையிலும் 1940-இன் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, 1815 மார்ச் 2-க்கு முற்பட்டது அங்கே தொல்பொருள். ஆக, கொழும்பில் இருக்கும் நண்பருக்கு 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று காசைத் தபாலில் போடும் யோசனையை விட்டுவிடு. படமும் எண்களும் போகட்டும், காசு உன்னிடமே இருக்கட்டும். வயல் எண், சர்வே எண் எதையும் எல்லாரும் பார்க்கும் பட்டியலில் போடாதே. அடுத்த வாரமே உலோகம் தேடும் கருவியோடு ஆள் வந்து நிற்பான்.

2, 4, 7, 11 நான்கின் பின்பக்கங்களையும் 10 மணி, 2 மணி இரண்டு வெளிச்சத்திலும் எடுத்து அனுப்பு. எடையையும் அச்சுத் திசையையும் படத்தின் பெயரிலேயே எழுதிவிடு. 11-இன் ஓரத்தில் காளையின் திமில் போல ஒன்று எனக்குத் தெரிகிறது, பின்பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் அழுந்தித் தெரிகிறதோ என்று ஒரு சந்தேகம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி