தம்பிக்கு, ஐந்தாம் நம்பர் விஷயமாக

தம்பி,

நேற்று ராத்திரி மைதானத்தில் உனக்கென்று இருந்த சீட்டை விட்டுவிட்டேன். நம் மெல்பர்ன் ஃபுட்டி டீமின் (ஆஸ்திரேலியக் கால்பந்துதான்) மெம்பர்ஷிப் புதுப்பிக்கப் போனால் நம் இரண்டு சீட்டும் எப்போதும்போல ஒட்டிக்கொண்டு வந்து நின்றன. என்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டினேன். ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். நம் ஐந்தாம் நம்பர் ஆட்டக்காரன் பெட்ராக்காவே கோல்ட் கோஸ்ட் டீமுக்குப் போய்விட்டான், இனி நீ யாரைப் பார்க்க வரப்போகிறாய் என்று ஒரு கணக்கு. நான்கு வருஷமாக வராத ஆளின் சீட்டை விட இப்படி ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதுதான் வேடிக்கை.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய், ஆனால் நான் எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அம்மாவும் படிப்பாள், பெரியம்மா வீட்டிலும் படிப்பார்கள். அதனால் சிலதைத் தொடாமல்தான் போகப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பெட்ராக்கா விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. 2014-ல் புதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட்டில் இரண்டாவதாக எடுத்த பையன், முதல் சீசன் முழுக்க முட்டிக் காயத்தில் போனது, 2016-ல்தான் இறங்கினான், அப்புறமும் பெரும்பாலும் கோல் பக்கம் ஃபார்வர்டில் நின்று, வந்த பந்தையெல்லாம் போஸ்ட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தான். 2019-ல் டீமே பதினேழாவது இடம். இவன் தொடைக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லாத வாரம் இல்லை. நீ மட்டும் சூடான மீட் பை பலகாரத்தின் மேல்மூடியைக் கிள்ளித் தின்றுகொண்டே சொல்வாய்: "அண்ணா, அவன் பந்து வரட்டும்னு நிக்கிற ஆள் இல்ல. பந்து கிடக்கிற இடத்துல அவனை விடணும்."

ஃபுட்டியைப் பார்க்கவே நீதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். நான் பந்தைப் பார்ப்பேன். நீ அம்பயர் பந்தைத் தரையில் அடிப்பதற்கு முன்னாலேயே, நடுச் சதுரத்துக்குள் நிற்கிற இரண்டு டீமின் நான்கு நான்கு பேரின் கால்களைப் பார்ப்பாய். யார் யாரை உரசி நிற்கிறான், யார் அரை அடி தள்ளி நிற்கிறான். என் விலாவில் முழங்கையால் ஒரு இடி, "இப்பப் பாரு". நம் நெட்டையன் காவ்ன் எகிறித் தட்டுவான், பந்து விழப்போகிற இடத்தில் பெட்ராக்கா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பான். இடுப்பைக் கட்டிப்பிடித்தாலும் கை இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற நம் ஆலிவருக்கு முஷ்டியால் குத்தி ஒரு ஹேண்ட்பால், இல்லையென்றால் வருகிறவன் நெஞ்சில் ஒரே தள்ளு, அப்படியே நாலு எட்டு ஓடி நீளமாக ஒரு கிக். 2020-ல் ஆட்களே இல்லாத மைதானங்களில் இதையெல்லாம் வாராவாரம் செய்தான். ஃபார்வர்டில் அவனுக்குப் பந்து யாராவது கொடுத்தால்தான் உண்டு. நடுவில் வந்ததும் மற்றவர்களுக்குப் பந்தே இவனால்தான் கிடைத்தது. வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்த ஆல்-ஆஸ்திரேலியன் டீமில் இடம், சீசனின் சிறந்த ஆட்டக்காரனுக்கான பிரவுன்லோ மெடலில் மூன்றாவது. "சொன்னேனா இல்லையா" என்று நீ கேட்டபோது, "ஆட்ட நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால்தான்" என்றேன். அற்பத்தனம்தான்.

2021 செப்டம்பர் 25-க்கு வருகிறேன். கோப்பைக்காக 57 வருஷம் காத்திருந்த நாம் லாக்டவுனில் அடைந்து கிடக்க, ஃபைனல் பெர்த்தில். நீ உன் ஃபிளாட்டில், நான் என் வீட்டில். மூன்றாவது குவார்ட்டரில் எதிர் டீம் புல்டாக்ஸ் 19 புள்ளி முன்னால் போனபோது என் ஃபோன் அதிர்ந்தது. உன் பெயர். மேஜை மேல் நகர்ந்து நகர்ந்து டீ டம்ளர் வரைக்கும் வந்து முட்டி நின்றது. தோற்கிற நேரத்தில் உன் புலம்பலையும் கேட்க முடியாது என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் நம் டீமின் அந்த ஏழு கோல். சென்டரிலிருந்து பந்து வந்துகொண்டே இருந்தது, பெட்ராக்காவைப் பிடிக்க ஆளில்லை, குவார்ட்டர் முடியும்போது 24 புள்ளி நாம் முன்னால். நடுவில் ஃபோன் மறுபடி இரண்டு தடவை. கத்துவதற்காகத்தான் கூப்பிடுகிறாய், முடியட்டும் பேசிக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தேன். எடுத்தால் ராசி போய்விடும் என்றும் ஒரு பயம். சிரிக்காதே, 2018 முழுக்க ஒரே சாக்ஸோடு வந்தவன் நீ.

140-66, ஜெயித்துவிட்டோம். பெட்ராக்கா 39 தடவை பந்தைத் தொட்டு, இரண்டு கோல் அடித்து, ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரனுக்கான நார்ம் ஸ்மித் மெடலையும் வாங்கினான். 1964-ல் நமக்கு இதற்கு முந்தைய கோப்பையை வாங்கித் தந்த கோச்சின் பெயரில் இருக்கிற மெடல். இதை உன்னிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நீ அன்றைக்கு ஃபுட்டிக்காகக் கூப்பிடவில்லை. எதற்காக என்பது உனக்கும் எனக்கும் தெரியும், இங்கே வேண்டாம்.

மன்னித்துக்கொள். ஒன்பது மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு இருந்தது, ஃபோனை எடுத்திருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. இல்லை, போலீஸ் நிறுத்தியிருந்தால் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம், விட்டிருப்பார்கள். தெரிந்துகொண்டேதான் நான்கு வருஷமாக அந்த உத்தரவைப் பிடித்துத் தொங்குகிறேன்.

ஆனால் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே டா. "எடு" என்று இரண்டு எழுத்து. மூன்று மிஸ்டு காலை வைத்து நான் என்னத்தைக் கண்டுபிடிப்பேன்? நான் உன் அண்ணன், ஜோசியக்காரன் இல்லை. நீ உன் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டாய், அம்மாவின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் நான், காலி சீட்டுக்குப் பணம் கட்டியவனும் நான்.

2024 ஜூன் 10, காலிங்வுட் டீமோடு மேட்ச். நம் எம்.சி.ஜி. மைதானம் முழுக்க நீலக் குல்லாய், நரம்பு நோய் ஆராய்ச்சி நிதிக்காக விற்பது. பழக்கதோஷத்தில் இரண்டு வாங்கிவிட்டு, ஒன்றை உன் சீட்டில் வைத்திருந்தேன். முதல் குவார்ட்டரில் பெட்ராக்காவுக்கு விலாவில் முட்டி இடித்து உள்ளே போனான், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தான். நீ இருந்திருந்தால் அவன் நின்ற விதத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லியிருப்பாய். நான் "வந்துட்டான், வந்துட்டான்" என்று கைதட்டினேன். நான்கு விலா எலும்பு முறிவு, நுரையீரலில் ஓட்டை, மண்ணீரல் கிழிசல் என்று பிறகு செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அவன் ஞாபகம் மட்டும் வரவில்லை.

சீட்டை இனி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். குல்லாய் இரண்டும் என் காரில்தான் கிடக்கின்றன. உன் ஜெர்சி அம்மாவிடம் இருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அந்தப் பையன்தான் டீமை விட்டுப் போய்விட்டானே, முதுகில் இருக்கிற 5-ஐப் பிரித்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டாள். வேண்டாம், அவனையே கேட்டுக்கொள் என்றேன்.