குடியிருப்பவரைக் கேட்காத ஊராட்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவில் ஊராட்சித் தேர்தல், அதாவது நகராண்மைக் கழகக் கவுன்சிலர்களை மக்களே தேர்ந்தெடுப்பது, என்ற பேச்சு எழும்போதெல்லாம் "அது சீனர்கள் கேட்பது, நமக்கென்ன" என்று நம் தமிழர்கள் ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்துச் சலித்துவிட்டது. 1957-இல் மாநகரான, பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு ஆரம்ப ஆண்டுகளில் மேயராக இருந்தவர் யார்? டி.எஸ். இராமநாதன். 1965-இல் தேர்தலை நிறுத்திவைத்த பிறகு ஊராட்சிகளின் செயல்பாட்டை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்றுதான் அந்த ஆணையமும் சொன்னது. கேட்பாரில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கதவைச் சாத்தியது. 2012-இல் பினாங்கு தனியாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது.

சரி, தேர்தல் வரும்போது வரட்டும். அதுவரை நாங்கள் என்ன செய்வது?

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்பது லாரி வந்து மண் கொட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விசாரித்தால், முறைப்படி நோட்டீஸ் போயிருக்கிறது, ஆனால் வீட்டின் சொந்தக்காரருக்கு. எங்கள் சொந்தக்காரர் ஜொகூரில் இருக்கிறார். கடிதத்தைப் பிரித்தாரோ இல்லையோ, பின்வாசலில் துணி காயப்போட்டால் செம்மண் படிவது அவர் சட்டையில் இல்லையே! சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற வரைவு) இல்லாத இடத்தில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். எத்தனை வருடம் குடியிருந்தாலும் வாடகைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நம் ஆட்களில் வாடகைக்கு இருப்பவர்கள் எவ்வளவு பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊராட்சிக்கு மதிப்பீட்டு வரி கட்டுவது சொந்தக்காரர்தானே என்பார்கள். அந்தப் பணம் எங்கள் வாடகையிலிருந்து வராமல் வானத்திலிருந்தா வருகிறது?

ஆட்சேபக் கடிதம் எழுதலாம் என்று பார்த்தால், யாரிடம் கொடுப்பது? எங்கள் பகுதி கவுன்சிலர் யாரென்று எதிர்வீட்டு அண்ணனுக்கும் தெரியவில்லை, மூலைக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. மாநில அரசு நியமிக்கிற கவுன்சிலர் கட்சிக்குத்தான் பதில் சொல்வார், எங்களுக்கு ஏன் சொல்லப்போகிறார்? கோலாலம்பூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம், அவர்களுக்குச் சட்டமன்றத் தொகுதியும் இல்லை, டத்தோ பண்டார் என்கிற மேயரும் நியமனம்.

"மக்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் கூட்டத்துக்கே வரமாட்டார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு மீஹூன் இருக்கிறது என்று சொன்னால்தான் பத்துப் பேர் எட்டிப் பார்க்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோயில் நிர்வாகத் தேர்தலைப் பாருங்கள், ஆறு மாதமாக வராதவர்கூட சந்தா கட்டிவிட்டு வரிசையில் நிற்பார், சட்டை கிழிகிற அளவுக்குச் சண்டையும் நடக்கும். அங்கே முடிவு செய்ய ஏதோ இருக்கிறது, அதனால் வருகிறார்கள். கால்வாய் அடைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு "மேலிடத்துக்குத் தெரிவிப்போம்" என்று முடிகிற கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

இதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. பினாங்கிலேயே ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புகளில் 2012 முதல் முன்னோடித் திட்டம் ஒன்று நடந்தது. ஒதுக்கிய பணத்தை எதற்குச் செலவிடுவது என்று அங்கே குடியிருப்பவர்களே வாக்களித்தார்கள். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) வரிப்பணத்தில் ஒரு சிறு பங்கை அப்படி விட்டுக்கொடுத்தால் என்ன?

அப்புறம், திட்டமிடல் நோட்டீஸைச் சொந்தக்காரருக்கு அனுப்புவதோடு, பக்கத்து வீடுகளின் கதவிலும் ஒரு நகலை ஒட்டட்டும், தமிழிலும் இருந்தால் நல்லது. அதற்குத் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வரி பில்லில் அந்தப் பகுதி கவுன்சிலரின் பெயர், தொலைபேசி எண், போன வருடம் எங்கள் தாமானுக்கு எவ்வளவு செலவானது என்ற தொகை, இந்த மூன்றையும் அச்சிடட்டும். அடுத்த பில்லிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாடகைக்குக் குடியிருக்கும் வாசகர்,
பினாங்கு