வெறுமையாக விட்டதும் வேலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெனிஸின் கிராண்ட் கால்வாயை அமெரிக்க ஓவியர் விஸ்லர் பொறித்த 'அரண்மனைகள்' எட்சிங்கை, அதாவது செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த படத்தை, சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். ஆசையோடு பார்க்க உட்கார்ந்தவனை அதன் கீழிருந்த வரி சுருக்கென்று தைத்தது: "நீர்ப்பகுதியை ஓவியர் முடிக்காமலே விட்டுவிட்டார்." யார் எழுதியது என்று கேட்கப் போவதில்லை. அச்சேறும் முன் தங்கள் கண்ணில் பட்டிருக்குமே என்பதுதான் என் வருத்தம்.

பல்லாண்டுகளாகச் செப்புத்தகட்டில் ஊசி பிடித்துப் பழகியவன் நான். மெழுகுப் பூச்சின் மேல் கீறுகிறோம். கீறிய இடத்தை அமிலம் அரிக்கிறது. அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் காகிதத்தில் கோடாக வருகிறது. பென்சில் கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம். செம்பில் விழுந்த கோட்டை நீக்க, சுரண்டித் தேய்த்து, பின்புறமிருந்து தட்டிச் சமன்படுத்தியாக வேண்டும். போட்ட கோடு ஒவ்வொன்றும் யோசித்துப் போட்டது. போடாமல் விட்டதும் அப்படியே.

படத்தில் கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்று பாருங்கள். சாளரங்களின் இருளிலும் வளைவுகளின் இடுக்கிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கருத்து, சுவர்களில் மெலிந்து, ஓரங்களில் வெறும் காகிதமாகிவிடுகின்றன. நீருக்கு மிகச் சில கீறல்களே. அதனால்தான் அவ்வளவு கனமான கல்லும் மிதக்கிறது. என்னிடம் பயின்ற மாணவர்கள் நீரைக் கோடுகளால் நிரப்பியே தீருவார்கள். முதல் அச்சை எடுத்து, மேலே கட்டடம் மங்கிக் கிடப்பதைக் கண்ட பிறகே என் பேச்சை நம்புவார்கள். விஸ்லரோ பல பிரதிகளைத் தாமே அச்சிட்டவர். தகட்டில் மையை முழுதும் துடைக்காமல் மெல்லிய படலமாக விட்டு, பிரதிக்குப் பிரதி ஒளியை மாற்றியவர். அந்தச் சாம்பல் நிறத்தையும் உங்கள் பக்கத்தில் வெளுத்துவிட்டீர்கள்.

1880 டிசம்பரில் வெனிஸ் படங்கள் 12 லண்டனில் காட்சிக்கு வந்தபோதும் 'முழுமையில்லை' என்றுதான் சிலர் எழுதினார்கள். 1883 கண்காட்சியின் பட்டியலில் விமர்சகர்களின் ஏச்சுகளைப் படங்களுக்குக் கீழே அவரே அச்சிட்டுப் பதில் சொன்னார். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தும் அதே வரி உங்கள் இதழில் வந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இது முதல் முறையும் இல்லை. முன்பு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் எட்சிங்கைப் 'பேனா ஓவியம்' என்றீர்கள். கடிதம் எழுதினேன், பதிலில்லை. பிறகு விஸ்லரின் வேறொரு வெனிஸ் படத்தை இடவலமாகத் திருப்பி வெளியிட்டீர்கள். காட்சியின் எதிரிலேயே நேரடியாகத் தகட்டில் வரைந்தவர் அவர். அச்சில் ஊர் இடவலம் மாறித் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா? தகட்டின் விளிம்போடு ஒட்டக் காகிதத்தை வெட்டி, தம் கையொப்பமான வண்ணத்துப்பூச்சி முத்திரைக்கு மட்டும் சிறு நாக்கை விட்டவரின் படத்தை, இம்முறை விளம்பரத்துக்கு இடம் போதாமல் இருபுறமும் நறுக்கியிருக்கிறீர்கள். படத்துக்குள் அவர் வெறுமையாக விட்ட ஓரங்கள்தாம் போயின. ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்தில் மிஞ்சியது உள்ளங்கை அளவு.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே படத்தை முழு ஓரங்களோடு ஒருமுறை வெளியிடுங்கள். இனி அச்சோவியங்களின் கீழே முறையையும் அளவையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்