தழும்புக்கும் மருத்துவச் சீட்டில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை, உணவு, மறுபரிசோதனைத் தேதி என எல்லாவற்றையும் எழுதித் தரும் நம் மருத்துவமனைகள், தழும்பைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் எழுதுவதில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இக்குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மேலே ஆறிய புண், உள்ளே முதிர்ந்து அடங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதில் முதல் சில மாதப் பராமரிப்புக்கே பலன் அதிகம். அந்த மாதங்களை மஞ்சளிலும் தேங்காய் எண்ணெயிலும் கழித்துவிட்டு, பைபாஸ் தழும்பு கயிறுபோல் தடித்து, சட்டை உரசினாலே கூசி, இரவெல்லாம் அரிப்பெடுத்த பிறகு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கீறிய எல்லைக்குள் தடிக்கும் தழும்பு நாளடைவில் தானே தணியக்கூடும். எல்லை தாண்டி நல்ல தோலிலும் படரும் கெலாய்டு அவ்வாறு தணிவது அரிது. கருநிறத் தோலினருக்கு, குறிப்பாக நடுநெஞ்சிலும் தோளிலும் காதுமடலிலும், அது வரும் வாய்ப்பு கூடுதல். அதை வெறுமனே வெட்டியெடுத்தால் பலருக்கு மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால், டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே சில வார இடைவெளியில் ஊசியாகச் செலுத்துகின்றனர். அந்த ஊசி நன்றாகவே வலிக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் ஊசிக்கு ஆள் வராது.

புண் முழுதும் மூடிப் பொருக்கு உதிர்ந்தபின், தழும்பு தடிக்காமலிருக்க, மென்மையான ஒட்டுத்தாள் போன்ற சிலிக்கோன் தகட்டை அதன்மேல் நாளொன்றுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒட்டிவரலாம். கழுவி உலர்த்தி மறுபடி ஒட்டக்கூடிய தகடுகள் உண்டென்று தெரியாமல், விலையைக் கேட்டே பலர் திரும்பிவிடுகின்றனர். வியர்வையில் தகடு நிற்காதவர்களுக்கு சிலிக்கோன் ஜெல் இருக்கிறது. புதிய தழும்பில் வெயில் பட்டால் கருமை தங்கிவிடும் என்பதால் அதைத் துணியால் மூடுவது அவசியம். மாறாக, பலரும் நம்பிப் பூசும் வைட்டமின் ஈ, 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தழும்பின் தோற்றத்தை மேம்படுத்தவில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமையே வந்தது. மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்போ சுற்றியுள்ள நல்ல தோலையும் மெலியச் செய்துவிடும்.

எந்தச் சிகிச்சையும் தழும்பை அடியோடு அழிப்பதில்லை. தட்டையாக்கும், நிறத்தை மங்கவைக்கும், அரிப்பைக் குறைக்கும், அவ்வளவே. 'சுவடே இல்லாமல் மறையும்' என்று வரும் விளம்பரங்களைப் பத்திரிகைகளும் சற்று யோசித்தே வெளியிடலாம்.

சிசேரியன் உட்பட எல்லா அறுவை சிகிச்சைகளுக்கும், வீடு திரும்பும் சீட்டில் இவற்றை அரைப்பக்கத் தமிழில் அச்சிட்டு, தழும்பு தடித்தால் தோல்நோய்ப் பிரிவில் எந்த நாளில் வந்து பார்ப்பது என்பதையும் குறிப்பிட்டுத் தருமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் சிலிக்கோன் ஜெல்லும் கிடைக்கச் செய்தால், ஏழை நோயாளிகளும் அந்த முதல் மாதங்களைத் தவறவிட நேராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.