முதுகில்லாத புத்தகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகள் நூலகத்துப் பக்கமே வருவதில்லை என்று கவலைப்பட்ட சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். பழி முழுவதும் கைப்பேசி மேலும் பெற்றோர் மேலும் விழுந்திருக்கிறது. சிறுவர் நூல்கள் எழுதுபவள் என்ற முறையில் நான் கேட்பது வேறு. வருகிற பிள்ளையின் கண்ணில் புத்தகம் படுகிறதா? பல நூலகங்களில் படுவதில்லை. அதற்கான காரணம் அச்சகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். அது எழுதுகிறவர் போட்ட கணக்கல்ல, தாளை மடிக்கிறவர் போட்டது. ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிக்கு, 16 பக்கம். இரண்டு ஃபாரம் என்றால் தாள் வீணாகாது. தலைப்பு, உரிமை விவரம் போக மிஞ்சும் 28, 29 பக்கத்துக்குள் கதையை முடித்தாக வேண்டும். 32 பக்கம் என்பது 16 தாள்தான். சதுர மீட்டருக்கு 130 கிராம் எடையுள்ள (130 ஜிஎஸ்எம்) வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்டு, அட்டையையும் சேர்த்தால்கூடக் கனம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்து மடித்த புத்தகத்துக்கு, அலமாரியில் வெளியே தெரியும் பக்கவாட்டுப் பட்டையான முதுகே கிடையாது, தலைப்பு அச்சிட இடமும் கிடையாது. அதைக் கொண்டுபோய்ப் பெரியவர்களின் நாவலைப் போலச் செங்குத்தாக அடுக்கினால் வெளியே தெரிவது ஒரு வெள்ளைக் கோடுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளை அந்தக் கோடுகளில் எதை உருவும்?

பசை வைத்துச் சதுர முதுகாகக் கட்டலாமே என்பார்கள். இவ்வளவு மெல்லிய புத்தகத்தில், அதுவும் வழவழப்பான தாளில், பசை சரியாகப் பிடிக்காது, தாள்கள் உதிரும். புத்தகம் தட்டையாக விரியாததால், இரு பக்கத்துக்கும் நீளும் படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். பின் அடிப்பதே சரி. மாற வேண்டியது அலமாரி.

அட்டை முழுதாகத் தெரியும்படி வைக்க வேண்டும். பலகை சற்றே பின்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நேராக நிறுத்தினால் மெல்லிய புத்தகம் வளைந்து முன்னால் சரியும். விழாமலிருக்க முன்னால் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சட்டம் போதும். மேல் தட்டு 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அலமாரியைவிடத் தரையில் வைக்கும் பெட்டி நல்லது. அட்டைகள் முன்னோக்கி இருக்க, பெட்டிக்கு இருபது, இருபத்தைந்து புத்தகம். நெருக்கி அடைத்தால் பிள்ளையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க முடியாது. பிடித்து இழுக்கும், அட்டை கிழியும், பிறகு "பிள்ளைகள் கிழிக்கிறார்கள்" என்று பெட்டியே உள்ளே போய்விடும்.

இடம் போதாது என்ற பதிலில் நியாயம் உண்டு. செங்குத்தாக அடுக்கினால் முந்நூறு புத்தகம் கொள்ளும் ஒரு மீட்டர் தட்டில், அட்டை தெரிய வைத்தால் நான்கோ ஐந்தோதான் நிற்கும். எனவே எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டாம். ஐம்பது புத்தகத்தை வைத்து, வாரம் ஒருமுறை பாதியை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால், போன வாரம் பார்த்த யானைப் புத்தகத்தைத் தேடி வரும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பும். சிறு பிள்ளைகள் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அது சோம்பல் அல்ல, அவர்கள் படிக்கும் முறையே அதுதான். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க நூலகங்கள் இடும் வகைப்பாட்டு எண்ணும் இங்கே பெரிதாக உதவாது. விலங்கு, வண்டி, பேய், சிரிப்பு என்று பிரித்தால் அவர்களே எடுத்து அவர்களே திருப்பி வைப்பார்கள். வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள் என்பது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. ஐந்து வயது வாசகரிடம் இருக்கும் நேரமோ இரண்டு நிமிடம்.

கிழிசலைப் பற்றி. பின் அடித்த புத்தகத்தில் முதலில் கழல்வது நடுத்தாள். அதைப் பிடித்திருப்பவை அந்த இரண்டு பின்கள் மட்டுமே. ஈரக்காற்றில் பின் துருப்பிடித்தால் சுற்றியுள்ள தாளும் பழுப்பேறி நைந்துபோகும். உடனே செல்லோடேப்பை எடுப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகும், பசை கசிந்து பக்கத்துத் தாளையும் ஒட்டிக்கொள்ளும். பின்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை இடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. கனமான பருத்தி நூலை நடுத்துளை வழியே உள்ளிருந்து வெளியே விட்டு, மேல் துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். அங்கிருந்து நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளையில் உள்ளே இழுங்கள். உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் ஒவ்வொரு முனை இருக்கும்படி வைத்து முடிச்சிட்டால் முடிந்தது. இழுப்பதை மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் துளை கிழியும். புத்தகம் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது இன்னும் நல்லது.

தாமதக் கட்டணத்துக்கு அஞ்சி வீட்டுக்கு எடுத்துச் செல்லாத பிள்ளைகளும் உண்டு. நியூயார்க் பொது நூலகம் 2021 அக்டோபரில் அந்தக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. தொலைந்த புத்தகத்துக்கு மட்டும் ஈடு கேட்கிறது. புத்தக அலமாரியின் பூட்டிய கண்ணாடிக் கதவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கணக்கில் குறைந்தால் நூலகர் கைப்பணம் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும்வரை அவர் பூட்டத்தான் செய்வார். ஆண்டுக்கு இவ்வளவு தொலையலாம், தேயலாம் என்று விதியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் சாவி தானாகத் திறக்கும்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்பை அட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் அச்சிடுங்கள். பெட்டியில் தள்ளிப் பார்க்கும்போது தெரிவது அந்தப் பகுதிதான். கீழே போட்டால் சட்டம் மறைத்துவிடும். நூலகத்தார் எண் எழுதிய சீட்டைப் பின்னட்டையில் ஒட்டலாம். உள்ளே குத்தும் நூலக முத்திரையையும் எல்லா நூலுக்கும் ஒரே பக்கத்தில் குத்த வேண்டியதில்லை. அந்தப் பக்கம் 16 அல்லது 17 என்று அமைந்துவிட்டால், 32 பக்க நூலில் அது நடுவிரிப்பு. ஓவியர் மிகப் பெரிய படத்தை வைத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். உரிமை விவரப் பக்கத்தில் குத்துங்கள், அங்கே இடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
சிறுவர் நூல் எழுத்தாளர் ஒருவர்